கீழ்நோக்கிய இடப்பெயர்ச்சியில் நேரடி அனுபவம்

என் மருமகளுக்குத் தொழில் விழுவது. மாடியிலிருந்து விழுவாள், ஓடுகிற காரிலிருந்து விழுவாள், கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவாள். சினிமாவில் கதாநாயகி பால்கனியில் நின்று கண்ணீர் விடும்வரை அது கதாநாயகி. கைப்பிடி முறிந்த அடுத்த நொடியிலிருந்து அது எங்கள் வீட்டுப் பெண். முகம் தெரியாது, பெயரும் வராது. நானோ வாழ்நாள் முழுக்க மெத்தை விற்று ஓய்வுபெற்றவன். மாமனார் மெத்தைக்காரர், மருமகள் விழுகிறவள். இந்த மாதிரி சம்பந்தம் பூமி தோன்றியதிலிருந்து ஒருவருக்கும் வாய்த்ததில்லை என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் மனைவி மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை. மருமகள் வேலைக்குப் போகும் காலையெல்லாம் அவள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், கதவுதான் விழப்போகிறதோ என்று தோன்றும்.

ஒருநாள் சாயங்காலம் தொட்டிலிலிருந்து பேத்தியைத் தூக்கப் போன மருமகளின் இடதுகை பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. குழந்தை அந்தரத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறது; அம்மாக்காரியின் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நான் பாய்ந்து வாங்கிக்கொண்டேன். என் வயதில் அப்படிப் பாய்ந்தவன் வேறு எவனும் இருக்கமாட்டான், அது கிடக்கட்டும். எலும்பு டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தத் தோள் ஏற்கெனவே கழன்று கழன்று சேர்ந்திருக்கு. இன்னொரு தடவை மோசமா கிழிஞ்சா கை இதுக்கு மேல எழும்பாது. குழந்தையைத் தூக்கணுமா, குட்டிக்கரணம் போடணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்கம்மா."

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

"மாமா, இனிமே தரையில நின்னு பாக்குற வேலைதான்."

தேடியதில் ஒரு விளம்பரம் அகப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்துப் பிரிவுக்கு விசாரணை அலுவலர் வேண்டுமாம். வழுக்கி விழுந்தேன், வண்டி இடித்தது என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களை நேரில் போய்ப் பார்த்து, நடந்தது உண்மைதானா என்று சொல்லவேண்டும். வேறு துறையிலிருந்தும் வரலாம். ஆனால் பழைய வேலையில் கற்றது இந்த வேலைக்கு எப்படி உதவும் என்று விண்ணப்பத்தில் விளக்கவேண்டும்.

மருமகள் விளக்கியிருந்தாள். 'நான் சினிமாவில் விழுவேன். ஒருவர் விழுந்ததைப் பார்த்தால் அது நிஜமா நடிப்பா என்று எனக்குத் தெரியும்.' அவ்வளவுதான். தபால்தலை அளவு.

வெறும் பஞ்சு மெத்தையை 'முதுகெலும்பின் இரவுநேரத் துணைவன்' என்று சொல்லி விற்றவன் நான். என் வீட்டிலிருந்து இப்படியொரு விண்ணப்பம் வெளியே போவதா?

"விழுவேன்னு எழுதாதம்மா. கீழ்நோக்கிய இடப்பெயர்ச்சியில் நேரடி அனுபவம்னு எழுது."

"அப்படின்னா என்ன மாமா?"

"விழறதுதான். ஆனா கோட்டு போட்டுக்கிட்டு விழறது."

அவள் சிரித்துவிட்டாள். அது போதாதா எனக்கு? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மாடியிலிருந்து குதிப்பது 'உயரமான கட்டடங்களிலிருந்து துரித வெளியேற்றம்' ஆயிற்று. ஜன்னலை உடைப்பது 'தடைகளைத் தகர்த்து முன்னேறும் மனப்பாங்கு'. கதாநாயகிக்குப் பதிலாக அடி வாங்குவது 'முன்னணிப் பிரமுகர்களின் சார்பில் நெருக்கடிகளை ஏற்றுக் கையாளுதல்'. எழுத எழுத எனக்கே அவள்மேல் மரியாதை பொங்கியது. எழுந்து நின்று வணக்கம் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

என் மனைவி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்று படித்தாள்.

"என்னங்க, இது யாரு? நம்ம வீட்ல இப்படி யாரும் இல்லையே?"

"உனக்குத் தெரியாது. இந்தக் காலத்துல இப்படித்தான் எழுதணும்."

"நீங்க எழுதின அழகை நம்பித்தான் எங்கப்பா மெத்தை வாங்கினாரு. இன்னிக்கு வரைக்கும் எனக்கு முதுகு நிமிரல. அந்தப் பொண்ணை விட்டுடுங்க."

நான் விடவில்லை. நேர்முகத்துக்கு அழைப்பும் வந்துவிட்டது! மனைவி முன்னால் நான் நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே, யானை வழிவிட்டிருக்கும்.

அலுவலகம் மாடியில். கூடத்திலிருந்து பளபளவென்று வழுவழுப்புக் கல் பதித்த அகலமான படிக்கட்டு ஏறுகிறது. மேலே போனதும் நேர்முக அறை. அதன் கதவு சரியாகச் சாத்தாது. அது என் குற்றமா? வெளியே கிடந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். உள்ளே இரண்டு பேர்: விபத்துப் பிரிவின் மேலாளர், வழுக்கைத் தலையும் பருத்த உடம்புமாக; பக்கத்தில் ஆளெடுப்பைக் கவனிக்கும் அதிகாரி அம்மா, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்தார்.

மேலாளர் மரியாதையோடுதான் ஆரம்பித்தார். "உயரமான கட்டடங்களிலிருந்து வெளியேற்றம்... தீயணைப்புத் துறையில இருந்தீங்களா?"

"இல்ல சார். குதிப்பேன்."

"யாரைக் காப்பாத்த?"

"யாரையும் இல்ல சார். குதிக்கணும், அவ்வளவுதான்."

உள்ளே காகிதம் புரளும் சத்தம். அதிகாரி அம்மா குரலில் பரிவு. "தடைகளைத் தகர்த்து முன்னேறினதா எழுதியிருக்கீங்களே, அதைப் பத்திச் சொல்லுங்க. பொண்ணா இருந்து எவ்வளவோ பட்டிருப்பீங்க. எந்த மாதிரி தடை?"

"கண்ணாடி ஜன்னல் மேடம். சில நேரம் செங்கல் சுவரு."

நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப இந்த முன்னணிப் பிரமுகர்கள்?" மேலாளரின் குரலிலிருந்து மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது. "நீங்க யாருக்குச் செயலாளரா இருந்தீங்க?"

"கதாநாயகிக்குப் பதிலா நான் அடி வாங்குவேன் சார்."

அதன்பிறகு உள்ளே விழுந்த நிசப்தம் இருக்கிறதே, நான் ஒரு குடும்பத்துக்கு ஒற்றைக் கட்டில் மெத்தையை இரட்டை என்று விற்றுவிட்டு மறுநாள் அதே தெருவில் மாட்டிக்கொண்டபோதுகூட அப்படியொரு நிசப்தத்தைக் கேட்டதில்லை. மருமகள் தட்டுத்தடுமாறி விளக்கினாள். சினிமா, சண்டைக் காட்சி, தோள்பட்டை. அவர்கள் காதில் எதுவும் ஏறவில்லை. அவர்கள் கூப்பிட்டது என் தாளில் இருந்த மகாராணியை. வந்திருப்பது வேறு யாரோ.

"சொல்லி அனுப்புறோம்மா" என்றார் மேலாளர். சொல்லி அனுப்பமாட்டார்கள் என்பதை எந்த ஊர்க் குழந்தையும் புரிந்துகொள்ளும்.

அவள் வெளியே வந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். படிக்கட்டின் மேல்படியில் நின்றோம். பின்னாலேயே மேலாளரும் வந்தார், எதற்கோ கீழே போகிறவர். நல்ல மனுஷர்தான், ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கவேண்டும்.

"தப்பா எடுத்துக்காதம்மா. சினிமால விழறது வேற, வாழ்க்கையில விழறது வேற. நடிச்சா நான் நின்ன இடத்துலேர்ந்தே சொல்லிடுவேன். தலைமுடி கொட்டினதே இந்த வேலையிலதான்."

"பாத்தாலே தெரிஞ்சிடுமா சார்?"

"பாத்தாலே."

அவள் படிக்கட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு கைப்பையை என்னிடம் நீட்டினாள். "மாமா, இதைக் கொஞ்சம் பிடிங்க." நானும் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை என் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த நொடி அவள் கால் இடறியது. மேல்படியிலிருந்து அப்படியே புரண்டாள். ஒரு படியில் 'டமார்' என்று மண்டை மோதியது, காதால் கேட்டேன். அடுத்த புரளலில் எலும்பு முறிந்தது, அதையும் கேட்டேன். கடைசிப் படியிலிருந்து கூடத்துக்குள் சறுக்கிப்போய், ஒரு கை பின்னால் மடங்கி, கழுத்து கோணி, அசையாமல் கிடந்தாள்.

கூடத்தில் யாரோ வீறிட்டார்கள். காவலாளி 'போயிடுச்சு, போயிடுச்சு' என்று தலையில் அடித்துக்கொண்டார். தட்டச்சுக்காரம்மா கையிலிருந்த தேநீரைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டு, சூடு தெரியாமல் நின்றார். அதிகாரி அம்மா அறையிலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டே மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. விழுந்தவர் இயக்குநர் 'கட்' என்று கத்தும்வரை எழுந்திருக்கக்கூடாது, மூச்சுகூடத் தெரியக்கூடாது. பாதியில் எழுந்தால் காட்சி பாழ், மறுபடியும் முதலிலிருந்து விழவேண்டும். ஒரு இயக்குநர் யாருடனோ போனில் சண்டை போடப் போய் மறந்துவிட, இவள் சகதியில் முகம் புதைத்தபடி தூங்கியே போயிருக்கிறாள். உடம்பில் ஊறிய பழக்கம். காப்பீட்டு அலுவலகத்தில் யார் 'கட்' சொல்வார்கள்? அந்தக் கட்டடத்திலேயே அந்த வார்த்தை தெரிந்திருக்கவேண்டிய ஒரே ஆள் நான். எனக்கு அப்போது என் பெயரே தெரியவில்லை.

ஆகவே அவள் பாட்டுக்குக் கிடந்தாள். நாங்கள் பாட்டுக்குச் செத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் உயிர் வந்தது மேலாளருக்குத்தான். "ஐயோ அம்மா!" என்று கத்திக்கொண்டு, தன் பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். முக்கால்வாசி படி நல்லபடியாகத்தான் போனார். அதற்கப்புறம் கால் வழுக்கியது. ஒரு சத்தமும் போடவில்லை மனுஷர். கை ஊன்றி, இடுப்பு மோதி, பொத்தென்று உட்கார்ந்தார். உடனே எழுந்தும் விட்டார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, அந்தப் பொண்ணைப் பாருங்க!" என்றார்.

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

நான் மிகைப்படுத்தவில்லை: காவலாளி வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்ச்சாரிக் கடைக்குள் போய்த்தான் நின்றார். தட்டச்சுக்காரம்மா மறுபடியும் வீறிட்டார். இந்த முறை சுருதி மாறியிருந்தது. மருமகள் யாரையும் பார்க்கவில்லை. ஒருவரும் 'கட்' சொல்லாமல் அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை. நேராக மேலாளரிடம் போனாள்.

"சார், உக்காருங்க."

மேலாளரின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. "நீ... உனக்கு..."

"உக்காருங்க சார். மணிக்கட்டு போயிருக்கு."

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல! நீ என்ன ஆளும்மா? பேயா? என் உயிரே..." என்று ஆரம்பித்தவர், சொல்லி முடிப்பதற்குள் வெளிறிப்போய் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அவள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, மெல்ல இறக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். தன் கழுத்தைச் சுற்றியிருந்த துணியை உருவி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, அவர் வலதுகையை நெஞ்சோடு கட்டினாள். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"கட்!" என்று கத்தினேன், ஊரே அதிர.

"அது முடிஞ்சிடுச்சு மாமா. வண்டிக்கு போன் பண்ணுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மேலாளரின் மணிக்கட்டு இரண்டு இடத்தில் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் உட்காரவைத்திருந்தார்கள். அதிகாரி அம்மா அதற்குள் தெளிந்து, தெளிந்த வேகத்தில் கொதித்துக்கொண்டிருந்தார்.

"போலீஸ்ல சொல்லப்போறேன். எங்க ஆளுக்குக் கை உடைஞ்சிருக்கு. விளையாட்டா இது?"

"அம்மா, அவ பச்சைக் குழந்தைக்காரி, எங்க குடும்பமே அவளை நம்பித்தான்..." என்று நான் எடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு நிமிஷம் விட்டிருந்தால் எனக்கு இல்லாத நோயெல்லாம் வந்திருக்கும்.

மேலாளர் நல்ல கையை உயர்த்தி எங்கள் இரண்டு பேரையும் அடக்கினார். மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஒண்ணு. நீ பண்ணினது தப்பு."

"தப்புதான் சார்." அவள் தலை குனியவில்லை, ஆனால் குரல் உள்ளே போயிருந்தது. "யாராவது பின்னாடி ஓடி வருவீங்கன்னு நான் யோசிக்கல. எங்க இடத்துல யாரும் வரமாட்டாங்க. கேமரா ஓடிட்டிருக்கும்."

"மண்டை மோதின சத்தம் கேட்டுச்சே?"

"உள்ளங்கை சார். படியில அறைவோம்."

"எலும்பு முறிஞ்சதே?" என்றேன் நான்.

"அது முறியவே இல்ல மாமா."

மேலாளர் முன்னால் சாய்ந்தார். "நான் கத்தவே இல்ல. எழுந்து நின்னுட்டேன். எனக்கே வலி தெரியல. நீ கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தே. உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"நடிக்கிறவங்களுக்குச் சத்தம் முன்னாடி வரும் சார். விழப்போறோம்னு அவங்களுக்குத் தெரியுமில்ல? நிஜமா விழறவங்களுக்குக் கத்த நேரம் இருக்காது. அப்புறம் எழுந்ததும் வெக்கம் வரும். அடிபட்டவங்கதான் முதல்ல ஒண்ணும் இல்லன்னு சொல்வாங்க."

"ஹ்ம்" என்றார். பிறகு, சாதாரணமாக, "உனக்கு எங்கேயும் படலியே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அறையில் நிற்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கும். மேலாளர் அவள் இடதுகையைப் பார்த்தார். அதிகாரி அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கி மாட்டிக்கொண்டு பார்த்தார். நான் பார்த்தேன். கூடத்திலிருந்து இங்கே வரும்வரை அந்தக் கை ஒருமுறைகூட அசையவில்லை. வண்டிக் கதவைக்கூட வலதுகையால் சுற்றி வளைத்துத் திறந்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வளவளவென்று பேசிக்கொண்டு வந்திருக்கிறேன், பாவி.

"விழுந்தப்பவா?" என்றேன்.

"விழுந்ததுல ஒண்ணும் ஆகல மாமா. நல்ல பக்கமாத்தான் விழுந்தேன். சாரைப் பிடிச்சேன்ல... அப்பத்தான்."

டாக்டர் அவளை உள்ளே அழைத்துப் போனார். நானும் மேலாளரும் அதிகாரி அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கிழிந்திருந்தால் கை எழும்பாது. குழந்தைக்கு அம்மா கை ஒன்றுதான் என்று ஆகிவிடும். நான் எழுதிய அந்தத் தாளை மடித்து விழுங்கிவிடலாம் போலிருந்தது. மேலாளர் தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உடம்பின் கனம் அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக உறைத்திருக்கவேண்டும்.

கழன்றுதான் இருந்தது. ஆனால் கிழியவில்லை. டாக்டர் பொருத்திவிட்டு, கையை உடம்போடு சேர்த்துக் கட்டி அனுப்பினார். "தப்பிச்சிட்டீங்க. இதுக்கு மேல அதிர்ஷ்டத்தைக் கேக்காதீங்க" என்றார். நான் அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். அவர் அதிர்ந்துபோய்க் கையைத் துடைத்துக்கொண்டார்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "அந்த விண்ணப்பத்தை எழுதினது யாரு?"

அதிகாரி அம்மா, மருமகள், அங்கே நின்ற நர்ஸ் உட்பட எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதுல ஒரு வரி நிஜமா இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது சார்" என்றார் என்னிடம். அவளிடம் திரும்பினார். "நீ இன்னிக்கு வாயால சொன்னியே, சத்தம் முன்னாடி வரும் பின்னாடி வரும்னு, அதை எழுது. அவ்வளவுதான் எழுதணும். ரெண்டு மாசம் தற்காலிகமா வேலைக்கு வா. எனக்கு எழுதுற கை போச்சு, உனக்கு எழுதுற கை இருக்கு. நான் சொல்றதை நீ எழுதணும், நீ பாக்குறதை எனக்குச் சொல்லணும். அதுக்கப்புறமும் உன்னை நம்பலாம்னு தோணிச்சுன்னா வச்சிக்கிறேன். படிக்கட்டுப் பக்கம் போனே, அன்னிக்கே வெளியே."

அதிகாரி அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எனக்கு இழப்பீடு கேக்க ஒரு சாட்சி வேணும்மா" என்றார் மேலாளர். "காவலாளி இப்ப போன்ல என்ன சொன்னான் தெரியுமா? அவ என்னைத் தள்ளிவிட்டதைக் கண்ணால பாத்தானாம்."

வீட்டில் என் மனைவி கதவைத் திறந்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நடந்ததை நான் சொல்ல ஆரம்பித்தேன், படிக்கட்டு என் வாயில் மலை உச்சியாக வளர்ந்துகொண்டிருந்தபோது, "நீங்க பேசாதீங்க. ஏம்மா, நீ சொல்லு" என்று என்னை நாற்காலியோடு ஓரங்கட்டினாள். மருமகள் நாலு வரியில் சொல்லி முடித்தாள். பேத்தி தவழ்ந்து வந்து அவள் காலைப் பற்றி எழுந்து நின்று, தூக்கு என்று கை நீட்டியது. தூக்க முடியாது. அவள் தரையில் உட்கார்ந்து வலதுகையால் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. சண்டைப் பயிற்சி மாஸ்டர். அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்.

"காலையில வந்துடும்மா. சின்னதா விழறதுதான். ரெண்டு மாடி. கீழே மெத்தை புதுசு."

மெத்தை என்றதும் என் காது விடைத்தது உண்மைதான். என்ன மெத்தை என்று கேட்கலாமா என நினைத்தேன். மனைவியின் பார்வையைக் கண்டு வாயை மூடிக்கொண்டேன். மருமகள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கப் பார்த்தாள், முடியவில்லை; என் மனைவி வாங்கி அவள் காதில் வைத்துப் பிடித்தாள்.

"மாஸ்டர், இனிமே நான் விழறதில்ல. யாராவது விழுந்தா சொல்லுங்க, வந்து பாக்குறேன்."

"என்னது?" என்று மாஸ்டர் கேட்டது தெருவுக்கே கேட்டிருக்கும்.

என் மனைவி போனை அணைத்தாள். சந்தோஷத்தில் அழுவாள் என்று பார்த்தேன். "அதென்னடி வாயில, யாராவது விழுந்தா சொல்லுங்கன்னு!" என்று அதட்டிவிட்டு, சமையலறைக்குள் போய்ச் சோற்றைப் பிசைந்து எடுத்துவந்து, மருமகள் எதிரே உட்கார்ந்து ஊட்ட ஆரம்பித்தாள். வலதுகை நன்றாக இருக்கிற ஆளுக்கு எதற்கு ஊட்டுகிறாய் என்று கேட்டேன். என் மனைவி அடுத்த கவளத்தை உருட்டினாள்; மருமகள் வாயைத் திறந்தாள்.